வாய் நிறையப் பிள்ளைகள்

பார்முனைக் கரையில் மீன் ஏலம் கூறுகிற கயித்தானின் வாய்க்குள் ஒரு வெள்ளிக்கிழமை காலை சிவப்பு மீன் ஒன்று முட்டையிட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு ஏலம் தொடங்க நேரமாகிவிட்டது என்பதைத் தவிர எங்களுக்கு அதில் வேறு குறை ஒன்றும் தெரியவில்லை. நான் மீன்காரி, கூடையைத் தலையில் ஏற்றி முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் எனக்குப் பிழைப்பு. பஸ் போய்விடுமே என்ற எரிச்சலில், கன்னத்தை உப்பிக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்து, "என்னண்ணே, பல்வலியா? கையையாவது ஆட்டி வெலயச் சொல்லுங்க" என்று கத்தினேன். அவர் கையை ஆட்டவில்லை. கிட்டே வரச்சொல்லி, உதட்டை ஒரு நூலளவு திறந்து காட்டினார். உள்ளே, நாக்கின் மேலே, வேகவைத்த ஜவ்வரிசியைக் கொட்டினாற்போல, இளஞ்சிவப்பில் ஒரு கொத்து முட்டை இருந்தது.

கயித்தானின் குரலைப் பற்றிச் சொல்லாமல் கதையை மேலே கொண்டுபோக முடியாது. அவர் "சீலா ஒரு கூடை" என்று எடுத்தாரென்றால் கடலில் வலை இழுத்துக்கொண்டிருப்பவன் நிமிர்ந்து பார்ப்பான், கோயிலில் பூசை வைக்கிற பங்குச்சாமி ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வார், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை அழுகையை மறந்துவிட்டு மேல்விலை கேட்கப்போவதுபோல வாயைப் பிளக்கும். அந்தக் குரலுக்கு அவர் பார்த்த ஒரே வைத்தியம் கடல் தண்ணீர்தான். எங்கள் ஊரில் ஏலம் கூறுகிறவர்கள் காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முகத்தை அமிழ்த்தி, வாயை அகலத் திறந்து, பார் பக்கமிருந்து வருகிற தெளிந்த நீரைத் தொண்டைவரை வாங்கிக் கொப்பளிப்பது வழக்கம். பார் என்றால் கடலுக்கடியில் பவளம் வளர்ந்து திட்டாகக் கிடக்கிற இடம். எங்களுக்கு அது கூப்பிடு தூரம். கயித்தான் அப்படி வாயைத் திறந்து நின்ற நேரத்தில்தான் அந்தச் சிவப்பு மீன் வந்திருக்கிறது.

"அது ஊமையன் ஜாதி" என்று சங்கு குளிக்கிற ராயப்பன் சொன்னான். தண்ணீருக்கு அடியில் பாதி ஆயுளைக் கழித்தவன், பார்மீன்களின் குடும்ப விவகாரம் எல்லாம் அவனுக்குத் தெரியும், கேட்காவிட்டாலும் சொல்லுவான். "பொட்ட முட்டையிடும், கெடா அத வாயில வாங்கிக்கிடும். பொரிக்கிற மட்டும் வாயத் தொறக்காது, தின்னாது, அதான் ஊமையன். ஆனா அந்தப் பொட்ட லேசுல யாரயும் நம்பாதுவே. ஒவ்வொருத்தன் வாயயும் பாத்து, பக்கத்துல வந்து உரசி, ஒடம்ப நடுக்கிக் காட்டி, இருக்கதுலயே பெரிய வாய் எதுவோ அதுலதான் குடுக்கும்." நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பார்முனையில் கயித்தானின் வாயைவிடப் பெரிய வாய் எது? மீன் பார்த்துத்தான் செய்திருக்கிறது என்று எல்லோருக்கும் பட்டது.

கயித்தான் அதைத் துப்பிவிடத்தான் போனார். ஏலக்காரருக்கு வாய்தானே சோறு. தண்ணீரை நோக்கி அவர் நடந்தபோது, யாரோ போய்ச் சொல்லி, அவர் மனைவி மெட்டில்டா கையில் மாவோடு ஓடிவந்தாள். மெட்டில்டா சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அந்த வீட்டில் சத்தத்துக்கு இன்னொரு ஆள் தேவைப்படவில்லை. அவர்களுக்குக் கல்யாணமாகித் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, பிள்ளை இல்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள், நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன், வாய் அரிப்புதான், வேறென்ன. அவள் கணவரின் தாடையைப் பிடித்துத் திருப்பி, வெயிலுக்கு வாகாக வைத்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம், "உயிரு இருக்குங்க. துப்பிராதிய" என்றாள். அவர் துப்பவில்லை. அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அந்த மனிதரின் இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவருக்கு அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஊர் கயித்தானை வாயும்வயிறுமாக இருக்கிற பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கியது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, தும்மல் வந்தால் மூக்கால் தும்மச் சொல்லுங்கள் என்றார். சோறு கிடையாது, பப்பாளித் தண்டை வாய் ஓரத்தில் செருகிக் கஞ்சித் தண்ணீர் மட்டும். முட்டைக்குப் புதுத் தண்ணீர் வேண்டும் என்பதால் அவர் கடலை விட்டுத் தூரம் போக முடியாது, அப்படியே போனால் பின்னாலேயே ஆளுக்கொரு குடம் கடல் தண்ணீர் போகும். பங்குச்சாமி அவருடைய பாவசங்கீர்த்தனத்தைப் பொரிக்கிறவரை ஒத்திவைத்தார், வாய் மூடியிருக்கிற ஆள் அப்படி என்ன பாவம் செய்துவிடப் போகிறார் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். முட்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் அவற்றை நாக்கால் மெல்லப் புரட்டிக்கொண்டே இருந்தார். அவர் தெருவில் நடந்து வந்தால் அந்தக் கன்னம் இப்படியும் அப்படியும் அசைவதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடும். ஒருமுறை விக்கல் எடுத்து ஒரே ஒரு முட்டை உள்ளே போய்விட்டது. அன்று முழுக்க அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை தானாகவே போய்ச் சாவுமணியை ஒருதரம் அடித்துவிட்டு வந்தார்.

எங்களுக்கு வளைகாப்பு செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லையே. நாற்காலியில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, கூடை கூடையாக மீனைத் தூக்கித் தூக்கிப் பருத்த அந்தக் கைகளில் சோப்புத் தண்ணீர் தடவி, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை ஏற்றினோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் தேங்காய்ச்சோறும் அவர் பேரைச் சொல்லி நாங்களே தின்றோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. மெட்டில்டா மட்டும் சிரிப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தாள். மறுநாள் அந்த வளையல்களை வைத்தே கயித்தான் ஏலத்தை நடத்தினார். கையை ஒரு குலுக்குக் குலுக்கினால் விலை ஏறுகிறது, கூடைமேல் கையை வைத்துவிட்டால் முடிந்தது. அந்தக் கரையில் அவ்வளவு அமைதியாக, சண்டையில்லாமல், ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுக்காமல் ஏலம் நடந்து நான் பார்த்ததில்லை, எனக்கு ரொம்பவும் சப்பென்று இருந்தது.

அந்தச் சிவப்பு மீனும் தினமும் வந்தது. கயித்தான் தண்ணீர் மாற்ற இறங்கினால் அவர் முழங்காலைச் சுற்றிச் சுற்றிப் போகும், வேறு மீன் எதுவும் கிட்டே வந்தால் விரட்டும். "ஏளா மெட்டில்டா, ஒஞ் சக்களத்தி வந்திருக்கா பாரு" என்று நாங்கள் சீண்டுவோம். அவள் கோபப்படுவதற்குப் பதிலாக ஒரு பிடி இறால் தலையைக் கொண்டுவந்து தண்ணீரில் தூவுவாள். ராயப்பன் சும்மா இருப்பானா? "அக்கா, அது ஒருத்தனோட இருக்க ஜாதியில்ல. அந்தப் பக்கத்துப் பார்ல அதுக்கு இன்னொரு புருசன் இருக்கான், அவன் வாயும் ரொம்பித்தான் கெடக்கு" என்றான். மெட்டில்டா குனிந்து அந்த மீனைப் பார்த்து, "அப்படியா சமாச்சாரம்? நல்லா இரு தாயி" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு இன்னும் ஒரு பிடி கூடுதலாகப் போட்டாள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் சந்தியாகப்பர் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. திருவிழா முடிந்து கொடி இறங்குகிற அன்று, கோயிலுக்கென்று விட்ட முதல் கூடையை ஏலத்தில் கூறுவது எங்கள் வழக்கம். கோயில்பிள்ளை கரையின் அடுத்த முனையில், ஆள் புள்ளியாகத் தெரிகிற தூரத்தில், வெள்ளைத் துணியோடு நிற்பார். கூறுகிற குரல் தனக்குக் கேட்டால் துணியை ஆட்டுவார். யார் குரலுக்குத் துணி நன்றாக ஆடுகிறதோ, அவருக்குத்தான் அந்த வருஷம் கரை, அதாவது அங்கே ஏலம் கூறுகிற உரிமை. எத்தனையோ வருஷமாக அது கயித்தானுக்கே ஆடிவந்தது, அந்தக் கூலியில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது. இந்தமுறை மேலத்தெரு லம்பர்ட்டு கூறப்போவதாகப் பேச்சு. நல்ல பையன்தான், குரலும் உண்டு, கயித்தானிடம் வந்து, "மாமா, நீங்க கூறினா நான் கூறமாட்டேன். ஆனா கரைய சும்மா விட முடியாதுல்லா" என்று தலையைச் சொறிந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குள் முட்டைகளில் கண் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் கடுகில் பாதிகூட இல்லாத இரண்டு கறுப்புப் புள்ளிகள். மெட்டில்டா மத்தியானம் வேலையெல்லாம் முடித்து அவர் கன்னத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிர்வீட்டுக்காரியான நான் பார்க்காத மாதிரி பார்ப்பேன். எனக்குத் தெரிந்து அவர்கள் இருவரும் பகலில் அப்படிப் பக்கம் பக்கமாக உட்கார்ந்ததே கிடையாது. "இன்னைக்கு உள்ள ஒரே ஆட்டமா இருக்கு, அக்னேசக்கா" என்று ஒருநாள் தெருவைத் தாண்டி என்னிடம் சொன்னாள். கொடி இறங்குமுன் பொரித்துவிட வேண்டும் என்று நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். பொரிக்கவில்லை. கொடி இறங்கிவிட்டது.

கரையில் ஊரே கூடிவிட்டது. நடுவில் கோயில் கூடை இருந்தது, வெள்ளி மாதிரி மின்னுகிற பாறைமீன், மேலே ஒரு பூமாலை. லம்பர்ட்டு முதலில் கூறினான். கைகளைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, நன்றாகவே கூறினான். அடுத்த முனையில் வெள்ளைத் துணி எழுந்தது, எறும்பு கொண்டுபோகிற அரிசியைப்போல அசங்கி அசங்கி ஆடியது. ஊர்த்தலைவர் மனுவேல் கயித்தானைப் பார்த்தார். "கயித்தான், பழய ஆளு நீரு. கூறுதீரா, விடுதீரா? ஒரு சொல்லு சொன்னாப் போதும்வே, எங்களுக்கு." ஒரே ஒரு சொல்தான். துப்பிவிட்டுச் சொன்னால் கரை அவருக்கு, அவர் குரலுக்கு லம்பர்ட்டு எங்கே? அவர் கூடையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், மெட்டில்டாவைப் பார்த்தார். உதடு பிரிவதுபோலக் கொஞ்சம் நடுங்கியது. பெண்கள் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், "மூடுங்கண்ணே வாய!" என்று கத்தினோம். அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். வளையல் போட்ட இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி லம்பர்ட்டைக் கும்பிட்டார், கரையைக் கொடுத்துவிட்டேன் என்று. வெட்கப்படாமல் சொல்கிறேன், நான் அழுதேன்.

அப்போது மெட்டில்டா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கூடைக்கு முன்னால் நின்றாள். மனுவேல் பதறிப்போய், "ஏம்மா, பொம்பள கரையில ஏலம் கூறுததா? எங்கயாவது உண்டா?" என்றார்.

"பார்ல உண்டு" என்றான் ராயப்பன். "நீலக் கிளிமீன் ஒண்ணு, அதுக்குக் கீழ ஏழெட்டுப் பொண்டாட்டிங்க. நீலன் போயிட்டான்னு வைங்க, அதுல மூத்தவ நெறம் மாறி நீலமாயி, அந்த எடத்துல நின்னு எல்லாரயும் மேய்ப்பா. அங்க யாரும் கமிட்டி கூட்டுறதில்ல, தலைவரே." கூட்டம் கொல்லென்று சிரித்தது. மனுவேலும் சிரித்துவிட்டார், சிரித்த ஆள் அதற்குமேல் எப்படித் தடுப்பது?

மெட்டில்டா வாயைத் திறந்தாள். "பாறை ஒரு கூடை!" என்றாள்.

அந்தக் குரலை நான் என்னவென்று சொல்வது. இத்தனை வருஷமும் அந்த வீட்டில் கணவர் கூறிக் கூறிப் பழகியதையெல்லாம் அடுப்படியில் நின்று கேட்டு, எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சை விட வேண்டும் என்று உள்ளே உள்ளே சேர்த்துவைத்திருந்தவள், அதை அவ்வளவையும் ஒரே மூச்சில் வெளியே விட்டாள். கோயில் முற்றத்தில் இருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. ஆழ்கடலில் தெரிந்த மூன்று பாய்மரப் படகுகள் திரும்பி எங்கள் கரையைப் பார்த்து வரத் தொடங்கின. பக்கத்து ஊரிலிருந்து ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து பாறை என்ன விலை என்று கேட்டான். அடுத்த முனையில் வெள்ளைத் துணி ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது, அப்புறம் கோயில்பிள்ளை துணியைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு எங்களை நோக்கி ஓடியே வந்துவிட்டார். அவள் முகம் அந்த நேரத்தில் ஒரு மாதிரி நீலமாக இருந்தது. சேலையின் நிறமாகவும் இருக்கலாம், நான் ஒன்றும் சத்தியம் செய்யவில்லை.

லம்பர்ட்டுதான் முதலில் கை தட்டினான். நாங்கள் தட்டத் தொடங்குமுன் கயித்தான் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் மெட்டில்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடலுக்குள் ஓடினார். அவள் குரல் கேட்டு உள்ளே எல்லாம் ஒரே நேரத்தில் பொரித்துவிட்டன. இடுப்பளவு தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி அவர் வாயைத் திறந்தார். முதலில் ஒன்று வந்தது, கண்ணாடி நூல் துண்டு மாதிரி, வந்து அப்படியே நின்று சுற்றிப் பார்த்தது. பிறகு பத்து, நூறு, அப்புறம் யார் எண்ணுவது, வந்துகொண்டே இருந்தன. கடற்காக்கைகள் வட்டமிட ஆரம்பித்ததும் ஊர் முழுக்கத் திருவிழாச் சேலையும் வேட்டியுமாகத் தண்ணீருக்குள் இறங்கி, கைகோத்து வளையமாக நின்று, காக்கைகளை விரட்டினோம். மெட்டில்டா இரண்டு உள்ளங்கையையும் தண்ணீருக்குள் விரித்து வைத்திருந்தாள். குஞ்சுகள் அந்தக் கைக்குள் வந்து, விரல் இடுக்கில் நுழைந்து, அவள் இடுப்பைச் சுற்றி வளைய வந்துவிட்டுப் பார் பக்கம் போயின. "போய்ட்டு வாங்க மக்கா, பாத்துப் போங்க, பெரிய மீனுக்குக் கிட்ட போவாதிய" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும். சிவப்பு மீன் முன்னால் போனது. கயித்தான் நிமிர்ந்து, வாயைத் துடைத்து, இத்தனை நாளுக்கப்புறம் முதல் சொல்லாக, "மெட்டில்டா" என்றார். குரல் அப்படியே இருந்தது, ஒரு சுருதிகூடக் குறையவில்லை. அவ்வளவு பெரிய குரலில் மனைவி பேரைச் சொன்னதற்கு அவருக்கே கூச்சமாகிவிட்டது.

மறுநாள் காலை கரையில் ஒரே குழப்பம். துணி ஆடியது மெட்டில்டாவுக்கு. ஆனால் கயித்தானின் வாய் காலியாகிவிட்டதே. மனுவேல் கனைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே வீடுதான. யாரு கூறுதியன்னு நீங்களே பேசி முடிச்சுக்கிடுங்க" என்றார். மெட்டில்டா கூடைக்கு அருகிலிருந்து ஓரடி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். கயித்தான் அந்த இடத்துக்கு வரவில்லை. எங்களையெல்லாம் ஒருதரம் பார்த்து, குறும்பாகச் சிரித்தார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கொஞ்சம் தள்ளி ஊரில் பாதி ஆண்கள் ஏற்கெனவே முகத்தை அமிழ்த்தி வாயைத் திறந்து நின்றுகொண்டிருந்தார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. சிவப்பு மீன் அவர்களில் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சற்று நேரத்தில் கயித்தான் கரையேறி வந்தார். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கண் மட்டும் சிரித்தது. நேராக மெட்டில்டாவிடம் போய்த் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். அவள் அத்தனை பேர் முன்னிலையிலும் அந்தக் கன்னத்தில் காதை வைத்துக் கேட்டாள். பஸ் வளைவில் திரும்பி ஹாரன் அடித்தது, நாங்கள் ஒருவரும் அசையவில்லை.

"போன தடவைய விட இது கூடுதலா இருக்கு" என்றாள். பிறகு நிமிர்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் கூடைக்கு விலை கூறினாள்.